ஸ்வால்பார்டு: ஆள் குடியிருந்தால்தான் மண் கையில் நிற்கும்

இந்தியர் ஒருவர் குடியேற்ற அனுமதி எதுவும் வாங்காமல் போய், வீடு பிடித்து, வேலை பார்த்து, கடைகூடப் போட்டு வாழக்கூடிய மண் ஐரோப்பாவில் ஒன்று உண்டு. நார்வேயின் வடகோடிக்கும் வடதுருவத்துக்கும் ஏறக்குறைய நட்டநடுவே ஆர்க்டிக் கடலில் கிடக்கும் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம்தான் அது. எந்த நாட்டவரும் அங்கே விசா இல்லாமல் இருக்கலாம். இந்தியருக்கு அதற்கு மேலும் ஒரு பாத்தியதை இருக்கிறது. 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் இந்தத் தீவுகளைப் பற்றி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, பிரிட்டன் தன் ஆளுகையில் இருந்த நாடுகளுக்காகவும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. சிக்கல் என்னவென்றால், அங்கே போகிற விமானம் நார்வே வழியாகத்தான் போகும். நார்வேயில் கால் வைக்க ஷெங்கன் விசா கட்டாயம். வீட்டுக்குப் பூட்டு கிடையாது, தெருமுனையில் காவல்காரர் நிற்கிறார்.

பரப்பு சுமார் 61,000 சதுர கிலோமீட்டர். இலங்கையைவிடக் கொஞ்சம் சிறியது. அதில் அறுபது சதவீதம் பனியாறுகள். மொத்த மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடவில்லை. பெரும்பாலானவர்கள் லாங்யர்பியன் என்ற ஒரே ஊரில் இருக்கிறார்கள். சில நூறு ரஷ்யர்களும் உக்ரேனியர்களும் பேரண்ட்ஸ்பர்க்கில். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் சாலை கிடையாது. குளிர்காலத்தில் பனிவண்டி, கோடையில் படகு, அவசரமென்றால் ஹெலிகாப்டர்.

ஆர்க்டிக் வட்டாரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து ஸ்வால்பார்டு ஒரு விஷயத்தில் அடியோடு மாறுபடுகிறது. கிரீன்லாந்தில் இனுயிட் மக்கள் இருக்கிறார்கள். வட ஸ்காண்டிநேவியாவில் சாமி மக்கள். சைபீரியாவின் வடக்கே நெனெட்ஸ், சுக்சி என்று பல இனங்கள். ஸ்வால்பார்டில் பூர்வகுடிகள் யாருமே இருந்ததில்லை. அங்கே இன்று இருக்கிற ஒவ்வொருவரும் வந்தவர், இல்லையென்றால் வந்தவரின் பிள்ளை. யார் இவர்களைக் கொண்டுவந்து வைத்தது, எதற்காக என்று கேட்டால் காலத்துக்கொரு பதில் கிடைக்கும்: எண்ணெய், தோல், நிலக்கரி, ஆராய்ச்சி, சுற்றுலா. கடந்த நூறு ஆண்டுகளைப் பொறுத்தவரை அடியில் ஓடுகிற காரணம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். நம்மூரில் புறம்போக்கில் ஒரு கொட்டகை போட்டு, ஆளை உட்கார வைத்து, நாலு மாட்டையும் கட்டி ‘அனுபவ பாத்தியம்’ காட்டுவார்களே, அந்தக் கணக்கு. கொட்டகைக்குள் என்ன வியாபாரம் நடக்கிறது என்பது அப்புறம்.

முதலில் வந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1596 ஜூனில் டச்சு மாலுமி வில்லம் பேரண்ட்ஸ் சீனாவுக்கு வடக்கு வழி தேடிப்போய் இந்தத் தீவுகளைக் கண்டார். கூர்கூரான மலைகள் தெரிந்ததால் ‘ஸ்பிட்ஸ்பெர்கன்’ என்று பெயர் வைத்தார். பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் திமிங்கில வேட்டைக்குக் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அங்கே இருந்த திமிங்கிலத்துக்குக் கொழுப்பு அதிகம், நீச்சல் மந்தம், செத்தால் மூழ்காமல் மிதக்கும். வேட்டைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கரையில் பெரிய செப்புக் கொப்பரைகளை வைத்துக் கொழுப்பைக் காய்ச்சி, எண்ணெயாக்கிப் பீப்பாயில் ஏற்றினார்கள். ஐரோப்பிய நகரங்களின் விளக்குக்கும் சோப்புக்கும் அது போயிற்று. ஸ்மீரென்பர்க் என்ற டச்சு முகாமைப் பற்றி, ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகரம், மாதா கோயில், சூதாட்ட விடுதி என்றெல்லாம் பிற்காலத்தில் கதை கட்டினார்கள். அது உச்சத்தில் இருந்தபோதுகூட அங்கே இருந்தது இருநூறு பேர் அளவில்தான், அதுவும் கோடையில். விரிகுடாக்களில் திமிங்கிலம் தீர்ந்ததும் கொப்பரைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் திமிங்கிலம் இன்றுவரை அங்கே அபூர்வம்.

அடுத்து வெண்கடல் கரையிலிருந்து ரஷ்ய போமோர் வேட்டையர் வந்தார்கள். பிறகு நார்வே வேட்டையர். இவர்கள் நரித் தோலுக்காகவும் கரடித் தோலுக்காகவும் நாலு மாத இருட்டில், தனிக் குடிசையில் குளிர்காலம் முழுக்கக் கிடந்தவர்கள். ஹில்மர் நோயிஸ் என்ற நார்வேக்காரர் இப்படி 38 குளிர்காலங்களைக் கழித்தார். ஆனாலும் இவர்களில் யாரும் ஊர் கட்டவில்லை. அன்றைய சர்வதேசச் சட்டத்தின் கண்ணில் தீவு யாருக்கும் சொந்தமில்லாத நிலம். கொலை நடந்தால் விசாரிக்க நீதிமன்றம் கிடையாது. யாராவது ஒரு பலகையில் பெயரெழுதி நட்டுவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கு அவருடையது, அடுத்தவர் அதைப் பிடுங்கி எறியும்வரை.

நிலைமையை மாற்றியது நிலக்கரி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலத்தில் சதுப்புக் காடுகள் இருந்தன. இன்றைக்கும் பாறையைப் பிளந்தால் இலைத் தடம் தெரியும். 1899-இல் நார்வேக்காரர்கள் முதல் கரிச்சுமையை விற்பனைக்கு ஏற்றினார்கள். 1906-இல் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ஜான் மன்ரோ லாங்யர் ஒரு கம்பெனி தொடங்கிச் சுரங்கம் வெட்டினார். லாங்யர்பியன் என்ற ஊர்ப் பெயரில் இருக்கும் லாங்யர் இவர்தான். சுரங்கம் வந்தது, முதலாளி வந்தார், கூலிக்காரர் வந்தார், வேலைநிறுத்தமும் வந்தது. சரி, இனிமேல் போலீஸ் யாருடையது, வரி யாருக்கு என்ற கேள்வி எழாமல் இருக்குமா? நார்வே, சுவீடன், ரஷ்யா மூன்றும் சேர்ந்து நிர்வகிப்பது என்று 1910 முதல் பேசிக்கொண்டிருந்தார்கள். உலகப் போர் வந்து அந்தப் பேச்சைக் கலைத்தது.

போர் முடிந்து பாரிஸில் வெற்றி பெற்றவர்கள் உட்கார்ந்தபோது நார்வேக்கு எல்லாமே சாதகமாக அமைந்தது. ரஷ்யாவில் புரட்சி, அவர்களுக்கு நாற்காலியே போடவில்லை. ஜெர்மனி தோற்றுக் கிடந்தது. நார்வேயின் வணிகக் கப்பல்கள் நேச நாடுகளுக்காகப் பெரும் நட்டத்தைச் சந்தித்திருந்தன. தீவுகளின் இறையாண்மை நார்வேக்கு என்று முடிவாயிற்று. ஆனால் நிபந்தனைகளோடு. ஒப்பந்தத்தில் சேர்ந்த எல்லா நாட்டு மக்களுக்கும் மீன்பிடி, வேட்டை, சுரங்கம், வணிகம் எல்லாவற்றிலும் சம உரிமை. அங்கே வசூலிக்கும் வரியை அங்கேதான் செலவழிக்க வேண்டும். கடற்படைத் தளமோ கோட்டையோ கட்டக் கூடாது. 1925 ஆகஸ்ட் 14 அன்று இது நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உறுப்பினர். சவூதி அரேபியா, ஆப்கானிஸ்தான், 2016 முதல் வடகொரியாகூட.

பட்டா நார்வே பெயரில், அனுபவிக்கும் உரிமை எல்லோருக்கும். இப்படி ஒரு ஏற்பாட்டில் பட்டாதாரர் நிம்மதியாகத் தூங்க முடியாது. நீங்கள் ஆள் வைக்காவிட்டால் இன்னொருவர் வைப்பார், எண்ணிக்கையில் உங்களை மிஞ்சிவிடுவார். நடந்ததும் அதுதான்.

அமெரிக்கரின் சுரங்கத்தை 1916-லேயே ஸ்டோர் நார்ஸ்கே என்ற நார்வே நிறுவனம் வாங்கியிருந்தது. சோவியத் ஒன்றியம் பிரமிடென் என்ற இடத்தைச் சுவீடன்காரர்களிடமிருந்தும், பேரண்ட்ஸ்பர்க்கை 1932-இல் டச்சுக்காரர்களிடமிருந்தும் வாங்கியது. இரண்டையும் நடத்தியது அர்க்டிகுகோல் என்ற அரசு நிறுவனம். இரண்டாம் உலகப் போரில் 1941-இல் எல்லோரையும் தீவிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். 1943 செப்டம்பரில் டிர்பிட்ஸ், ஷார்ன்ஹார்ஸ்ட் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் வந்து லாங்யர்பியனையும் பேரண்ட்ஸ்பர்க்கையும் சுட்டு எரித்தன. வானிலை அறிய ஜெர்மானியர்கள் வடகிழக்குத் தீவில் ரகசியமாக வைத்திருந்த பதினொரு பேர், போர் முடிந்தும் அழைத்துப்போக யாரும் வராமல் கிடந்து, 1945 செப்டம்பரில் கடல்நாய் வேட்டைக்கு வந்த நார்வேக் கப்பலின் தலைவரிடம் சரணடைந்தார்கள். ஆயுதத்தோடு கடைசியாகச் சரணடைந்த ஜெர்மானியப் படைப்பிரிவு அவர்கள்தான். இதற்கிடையே 1944 நவம்பரில், போர் இன்னும் முடியாதபோதே, சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலடோவ், நார்வே வெளியுறவு அமைச்சர் ட்ரிக்வே லீயிடம் இந்தத் தீவுகளை இருவரும் சேர்ந்து ஆளலாமே என்று கேட்டுவிட்டார். நார்வே எப்படியோ பிடிகொடுக்காமல் தப்பியது. ஆனால் அந்தக் கேள்வி நார்வேத் தலைநகர் ஓஸ்லோவின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

பனிப்போர்க் காலத்தின் பெரும்பகுதியில் ஸ்வால்பார்டில் சோவியத் மக்கள் நார்வேக்காரர்களைவிட அதிகம். சில காலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நேட்டோ உறுப்பு நாடு ஒன்றின் மண்ணில் லெனின் சிலை, ரஷ்யப் பள்ளிக்கூடம், நீச்சல் குளம், பசுமைக்குடிலில் தக்காளி எல்லாம் இருந்தன. நார்வேக்காரர்களும் அவர்களோடு சதுரங்கமும் விளையாட்டுப் போட்டிகளும் நடத்திக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் தோண்டிய கரிக்கு ஆன செலவும் விற்ற காசும் பெரும்பாலான ஆண்டுகளில் ஒத்துவரவில்லை. பற்றாக்குறையை மாஸ்கோவும் ஓஸ்லோவும் கொடுத்தன. கரிக்கு ஒரு விலை, ஆள் இருப்பதற்கு ஒரு விலை என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும்.

லாங்யர்பியனில் அந்தக் கால வாழ்க்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கரிப்படலம் மலையின் வயிற்றில் மெல்லியதாக ஓடுகிறது. பல இடங்களில் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. தொழிலாளி படுத்தபடியே வெட்ட வேண்டும். சுரங்க வாசல் மலைச்சரிவில் உயரத்தில் இருந்ததால் கரியைக் கம்பிவடத்தில் தொங்கும் வாளிகளில் துறைமுகத்துக்கு இறக்கினார்கள். அந்த மரக் கோபுரங்கள் இன்றும் பள்ளத்தாக்கு நெடுக வரிசையாக நிற்கின்றன. 1946-க்கு முன் மனிதக் கை பட்ட எதையும் இங்கே தொடக் கூடாது என்பது சட்டம். துருப்பிடித்த ஆணி, உடைந்த பீப்பாய் எல்லாம் பாரம்பரியச் சின்னம்தான். வீடு, கடை, சாப்பாடு எல்லாம் கம்பெனியுடையது. கம்பெனி தானே நோட்டு அச்சடித்துக் கூலி கொடுத்தது. அக்டோபர் வாக்கில் கடைசிக் கப்பல் போய்விட்டால் மறுபடி மே, ஜூன் மாதம்தான். 1975-இல் விமான நிலையம் திறக்கும்வரை இதுதான் நிலை.

அந்தக் காலத்தின் மிச்சங்கள் இப்போதும் உண்டு. ஓட்டலோ அருங்காட்சியகமோ, உள்ளே நுழைந்தால் காலணியைக் கழற்றி வைக்க வேண்டும். கரித்தூள் வீட்டுக்குள் வராமலிருக்க வந்த பழக்கம். மதுவுக்கு ஒரு ரேஷன் அட்டை உண்டு. குடியிருப்பவர் மாதம் 24 டின் பீர், இரண்டு பாட்டில் கடுஞ்சாராயம் வாங்கலாம், கடைக்காரர் அட்டையில் குறித்துக்கொள்வார். திராட்சை மதுவுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. தொழிலாளி பீர் குடிப்பவர், அதிகாரி வைன் குடிப்பவர் என்று நினைத்தால் விதியை யார் எழுதினார்கள் என்பது புரிந்துவிடும்.

நி-ஆலசுண்ட் சுரங்கம்தான் இந்தக் கதையில் பெரிய காயம். வடக்கே, 79-ஆம் அட்சரேகைக்குப் பக்கத்தில், கிங்ஸ் பே என்ற அரசுக் கம்பெனி நடத்தியது. விபத்துக்கு மேல் விபத்து. 1962 நவம்பர் 5 அன்று வெடித்ததில் 21 பேர் செத்தார்கள். பாதுகாப்பில் அரசு கோட்டை விட்டது என்று நாடாளுமன்றத்தில் கொந்தளிப்பு எழுந்து, 1963 ஆகஸ்டில் பிரதமர் எய்னர் கெர்ஹார்ட்சன் அரசே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. போருக்குப் பிந்தைய நார்வே அரசியலில் தொழிற்கட்சியின் தொடர் ஆட்சிக்கு முதல் இடைவெளி விழுந்தது இங்கேதான். சுரங்கத்தை மூடினார்கள். ஆனால் ஊரை மூடவில்லை. கரி போனாலும் ஆள் இருக்க வேண்டுமே. அதே கம்பெனி, அதே வீடுகள், விஞ்ஞானிகளுக்கு வாடகைக்கு என்று மாறியது. பின்னால் முழுத் தீவுக்கும் வரப்போகிற மாற்றத்துக்கு இது முன்னோட்டம்.

ரஷ்யர் பக்கம் சரிவு வேறு விதமாக வந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு மானியம் சுருங்கிற்று. 1996 ஆகஸ்ட் 29 அன்று சுரங்கத் தொழிலாளர்களையும் குடும்பத்தாரையும் ஏற்றிவந்த ரஷ்ய விமானம் லாங்யர்பியனுக்குப் பக்கத்து மலையில் மோதி 141 பேரும் இறந்தார்கள். மறு ஆண்டே பேரண்ட்ஸ்பர்க் சுரங்க வெடிப்பில் 23 பேர். இவர்களில் பலர் உக்ரைனின் தொன்பாஸ் சுரங்க ஊர்களிலிருந்து வந்தவர்கள். 1998-இல் பிரமிடெனை மூடிவிட்டார்கள். பியானோவும் லெனின் சிலையும் அப்படியே நிற்க, சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் ஊராகிவிட்டது அது.

லாங்யர்பியன் அதே பத்தாண்டில் வேறு முகம் எடுத்தது. 1993-இல் பல்கலைக்கழக மையம் வந்தது. மேலே மலைமுகட்டில் செயற்கைக்கோள் தரைநிலையம் வந்தது. துருவப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்களை ஒவ்வொரு சுற்றிலும் தொடர்புகொள்ள முடிகிற இடம் உலகில் அரிது என்பதால் இன்று நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டெனாக்கள் அங்கே நிற்கின்றன. 2002-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி. 2008 பிப்ரவரியில் மலைக்குள் உலக விதைப் பெட்டகம். அதில் இப்போது 13 லட்சத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகள் இருக்கின்றன. ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பிய சோளம், கம்பு, கேழ்வரகு, துவரை, கொண்டைக்கடலையும் அதில் அடக்கம். கொடுத்தவர்தான் சொந்தக்காரர்; பெட்டியை வேறு யாரும் திறக்க முடியாது. சிரியப் போரில் அலெப்போவின் விதை வங்கி முடங்கியபோது, 2015-இல் முதல்முறையாக இங்கிருந்து விதைகளைத் திரும்ப எடுத்தார்கள். ஒன்று மட்டும் வேடிக்கை. உறைந்த மலையின் குளிர் போதாமல் மைனஸ் 18 டிகிரிக்கு இறக்க மின்சாரம் தேவைப்பட்டது. அந்த மின்சாரம் 2023 வரை வந்தது ஊரின் நிலக்கரி மின்நிலையத்திலிருந்து.

இங்கே பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று இணையத்தில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. சவப்பெட்டியோடு புதைப்பதை 1950-இல் நிறுத்தினார்கள், ஏனென்றால் உறைந்த மண் உடலை மக்கவிடாமல் மேலே தள்ளுகிறது, அஸ்தியைப் புதைக்கலாம். பிரசவத்துக்கு வசதி இல்லாததால் கர்ப்பிணிகள் தேதிக்குச் சில வாரங்களுக்கு முன்பே நார்வேப் பெருநிலத்தில் உள்ள ட்ரோம்சோவுக்குப் போகிறார்கள். வதந்தி தப்பென்றாலும் அதற்கு அடியில் ஒரு நிஜம் இருக்கிறது: இது ஒருவர் தொட்டில் முதல் சுடுகாடு வரை இருக்க வேண்டிய ஊர் என்று அரசு நினைக்கவில்லை. முதியோர் இல்லம் கிடையாது. சமூக உதவித்தொகை கிடையாது. வருமானம் இல்லாதவரை ஆளுநர் ஊரைவிட்டு அனுப்பலாம். வருமான வரி நார்வேயைவிட மிகக் குறைவு. பதிலுக்கு உன்னை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடுகளில் பெரும்பாலானவை வேலை கொடுப்பவருடையவை, வேலை போனால் வீடும் போகும். ஆளுக்கு ஆள் சில ஆண்டுகள் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

அப்படி வந்து தங்கியவர்களில் இன்று மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் நார்வேக்காரர் அல்லாதவர்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட நாட்டவர். தாய்லாந்துக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் கணிசம். ஓட்டல் அறையைப் பெருக்குவது, சமைப்பது, கடையில் நிற்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள்தான். ஒப்பந்தத்தின் சம உரிமை என்பது காகிதத்தில் நாடுகளுக்கிடையே பேசப்பட்டது. அது கடைசியில் மணிலாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு வேலையாக மாறும் என்று 1920-இல் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 2022-இல் நார்வே விதியை மாற்றியது: வெளிநாட்டவர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க வேண்டுமானால் நார்வேப் பெருநிலத்தில் மூன்று ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். அதுவரை அங்கே பத்து ஆண்டு இருந்து ஓட்டுப் போட்டவர்களின் பெயர்கூட 2023 பட்டியலில் இல்லாமல் போயிற்று. ஊருக்குச் செலவழிப்பது பெருநிலத்து வரிப்பணம், அதை முடிவு செய்பவருக்கு அந்தத் தொடர்பு வேண்டும் என்றது அரசு. சொல்லாமல் விட்டதையும் யூகிக்கலாம். நூறாண்டு முன்பு ஆள் இருந்தால் போதும் என்றிருந்தது. இப்போது எந்த ஆள் என்ற கேள்வி வந்துவிட்டது.

நிலத்திலும் இதே பதற்றம்தான். தீவில் தனியார் நிலம் கொஞ்சமே. லாங்யர்பியனுக்கு எதிரே இருந்த ஒன்றை 2016-இல் அரசே சுமார் 30 கோடி நார்வே குரோனர் கொடுத்து வாங்கிவிட்டது. மிஞ்சிய ஸோரே ஃபாகர்ஃபியோர்டு, 60 சதுர கிலோமீட்டர், 2024-இல் 30 கோடி யூரோ என்று விற்பனைக்கு வந்தது. சீனர்கள் வாங்கலாம் என்ற பேச்சு கிளம்பியதும் அரசு அனுமதியில்லாமல் விற்கக் கூடாது என்று ஓஸ்லோ தடுத்தது. பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட இயற்கை நிலம். வாங்கினாலும் இஷ்டப்படி எதுவும் கட்ட முடியாது. ஆனாலும் அந்த விலை.

இதற்கெல்லாம் மேலே வெயில் ஏறுகிறது. 1970-களின் தொடக்கத்திலிருந்து ஸ்வால்பார்டின் சராசரி வெப்பம் ஏறக்குறைய நாலு டிகிரி கூடியிருக்கிறது, குளிர்காலத்தில் அதைவிட அதிகம். உலகச் சராசரியைப் போல ஆறு ஏழு மடங்கு வேகம். 2024 ஆகஸ்டில் லாங்யர்பியனின் மாதச் சராசரி 11 டிகிரியைத் தொட்டது. காரணம் புரியாததல்ல. கடல்பனி வெள்ளையாக இருந்து வெயிலைத் திருப்பி அனுப்பும். அது விலகினால் கருநிறக் கடல் வெயிலைக் குடிக்கும். மேற்கே அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் வேறு. முன்பெல்லாம் குளிர்காலத்தில் உறைந்த ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடற்கிளை) மேல் பனிவண்டியில் குறுக்கே போனார்கள். 2000-களின் நடுப்பகுதிக்குப் பிறகு லாங்யர்பியன் பக்கத்து ஈஸ்ஃபியோர்டு ஒழுங்காக உறைவதே அபூர்வம்.

வீடுகள் நிற்பது உறைந்த மண்ணில் அடித்த மரக்கால்களின் மேல். மண் இளகினால் கால் ஆடும், மரம் உளுத்துப்போகும். 2015 டிசம்பர் 19, கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை காலை. இரவு முழுக்க அடித்த புயலுக்குப் பிறகு சுக்கர்டோப்பன் மலைச்சரிவிலிருந்து பனி சரிந்து, வரிசையாக நின்ற பதினொரு வீடுகளை இடத்தைவிட்டே தள்ளிக்கொண்டு போனது. ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு ஓடிவந்து கையாலும் தோண்டி ஆட்களை எடுத்தார்கள். இருவர் இறந்தார்கள், ஒருவர் சின்னக் குழந்தை. 2017-இல் மறுபடி ஒரு சரிவு. அப்புறம்தான் அரசு மலையடி வீடுகளை இடித்து, சரிவில் தடுப்பு வேலி போட்டு, வேறு இடத்தில் வீடு கட்டத் தொடங்கியது. 2016 அக்டோபரில் விதைப் பெட்டகத்தின் சுரங்கப்பாதையிலேயே தண்ணீர் புகுந்தது. விதைகளுக்கு ஒன்றுமில்லை, பாதையைப் புதிதாகக் கட்டினார்கள்.

நிலக்கரி இந்தக் காலத்தில் நின்றதற்கு விலைச் சரிவும் ஒரு காரணம், கூச்சமும் ஒரு காரணம். ஸ்வேயா பகுதியில் 2014-இல்தான் பெரும் செலவில் லுங்கெஃபியெல் சுரங்கத்தைத் திறந்தார்கள். இரண்டே ஆண்டில் உற்பத்தி நின்றது. 2017-இல் மூட முடிவு செய்து, ரோடு, விமானத்தளம், வீடுகள் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து, ஆறு தன் போக்கில் ஓடும்படி பள்ளத்தாக்கைத் திரும்ப இயற்கைக்கே விட்டார்கள். நார்வேயின் ஒரே நிலக்கரி மின்நிலையமான லாங்யர்பியன் நிலையம் 2023 அக்டோபரில் டீசலுக்கு மாறியது. கரியை விட்டு டீசலுக்குப் போனதைப் பசுமை என்று கொண்டாட ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை, மின்கட்டணம்தான் எகிறியது. கடைசி நார்வேச் சுரங்கமான ஏழாம் எண், 2023-இல் மூடுவதாக இருந்து, உக்ரைன் போர் தந்த கிராக்கியால் நீண்டு, 2025 கோடையில் மூடப்பட்டது. மிஞ்சியிருப்பது பேரண்ட்ஸ்பர்க்கின் ரஷ்யச் சுரங்கம் மட்டும்.

சுற்றுலா அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று நினைத்தவர்களுக்கும் கடிவாளம் விழுந்திருக்கிறது. 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் வரக் கூடாது. குறித்த சில இடங்களில் மட்டுமே இறங்கலாம். வெண்கரடியிலிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கரடி ஒரு விளம்பரப் படம் மட்டுமல்ல என்பதை ஊர்க்காரர்கள் அறிவார்கள். 2020-இல் விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கூடாரத் திடலில் ஒருவரைக் கரடி கொன்றது. ஊர் எல்லையைத் தாண்டினால் துப்பாக்கி எடுத்துப்போவது வழக்கம்.

இவ்வளவுக்கும் நடுவில் ஊர் தன் போக்கில் ஊராகவும் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில் அடிவானத்துக்கு மேலே வந்தாலும் மலை மறைப்பதால் லாங்யர்பியனுக்குள் வெளிச்சம் விழுவது மார்ச் 8 அன்றுதான். இடித்துவிட்ட பழைய ஆஸ்பத்திரியின் படிக்கட்டை மட்டும் இதற்காகவே விட்டு வைத்திருக்கிறார்கள். முகத்தில் மஞ்சள் சாயம் பூசிய பிள்ளைகளும் பெரியவர்களும் அங்கே கூடிச் சூரியனைக் கூவி அழைப்பார்கள். மேகம் மூடியிருந்தாலும் கூவல் நிற்காது. வந்தவர்களாகவே இருக்கிற ஒரு ஊர் நூறாண்டில் தனக்கென்று ஒரு திருவிழாவைச் சம்பாதித்துவிட்டது.

2022-இல் ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்த பிறகு அந்த ஊருக்கும் பேரண்ட்ஸ்பர்க்குக்கும் இடையே இருந்த பழைய புழக்கம் முறிந்தது. நார்வேச் சுற்றுலாக்காரர்கள் ரஷ்ய ஊருக்கு ஆள் அழைத்துப்போவதை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஜூனில் பேரண்ட்ஸ்பர்க்குக்குப் போகவேண்டிய சரக்குப் பெட்டிகள் ரஷ்யா மீதான பொருளாதாரத் தடை விதிகளைக் காட்டி நார்வே எல்லையில் நிறுத்தப்பட, மாஸ்கோ ஒப்பந்த மீறல் என்று கொதித்தது. சில வாரத்தில் வழி செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் வெற்றியை ரஷ்யர்கள் கொண்டாடும் மே 9 அன்று, 2023-இல், பேரண்ட்ஸ்பர்க்கில் லாரியும் டிராக்டரும் பனிவண்டியும் ரஷ்யக் கொடியோடு வெற்றி ஊர்வலம் போயின, மேலே ஹெலிகாப்டர் பறந்தது. படைத்தளம் கூடாது என்ற நிலத்தில் இதற்கு மேல் காட்ட முடியாது.

கரிக்குப் பதிலாக இப்போது இருப்பதற்கான காரணம் ஆராய்ச்சி. நி-ஆலசுண்டில் சீனா 2004-இல் வந்து வாசலில் இரண்டு கல் சிங்கங்களை வைத்தது. இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ 2008 ஜூலையில் திறந்தது. 2014-இல் அங்குள்ள காங்ஸ்ஃபியோர்டில், ஏறக்குறைய 190 மீட்டர் ஆழத்தில், ‘இண்ட்ஆர்க்’ என்ற மிதவைக் கருவியை நங்கூரமிட்டார்கள். அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கு. கடல்நீரின் வெப்பமும் உப்பும் நீரோட்டமும் ஆர்க்டிக்கில் மாறுவதை நம் பருவமழையோடு சேர்த்துப் படிப்பது நோக்கம். 2023 டிசம்பரில் நான்கு விஞ்ஞானிகள் இருட்டுக் காலத்தில் தங்கப் போனார்கள். அதுவரை இந்தியர் அங்கே போனது கோடையில்தான். ஹிமாத்ரி கட்டடம் இந்தியாவுக்குச் சொந்தமில்லை. அந்தப் பழைய சுரங்கக் கம்பெனி கிங்ஸ் பேயிடமிருந்து வாடகைக்கு எடுத்தது. எல்லா நாட்டவருக்கும் சாப்பாடு ஒரே உணவுக்கூடத்தில். வானலைக் கருவிகளைக் கெடுக்கும் என்பதால் வைஃபையும் புளூடூத்தும் அணைத்து வைக்க வேண்டும். வாடகைக்கு விட்டவர் யார், விதி போட்டவர் யார் என்பது ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் நினைவுக்கு வந்துவிடும். நார்வே அதை அப்படித்தான் வைத்துக்கொள்ள விரும்புகிறது.

முன்பு கைவிட்ட பிரமிடெனில் பிரிக்ஸ் நாடுகளுக்காக ஓர் ஆய்வு மையம் அமைக்கப்போவதாக ரஷ்யா இப்போது சொல்கிறது. பிரிக்ஸில் இந்தியாவும் உண்டு, சீனாவும் உண்டு. நி-ஆலசுண்டில் நார்வேயின் வாடகைக்காரராக இருந்துகொண்டே பிரமிடெனில் ரஷ்யர் காட்டும் அறையையும் எடுப்பதா என்பது டில்லிதான் முடிவு செய்ய வேண்டியது. எடுத்தால் ஓஸ்லோ அதை விஞ்ஞான விஷயமாக மட்டும் பார்க்காது.